அம்மா டொம்பெரிடோன் குளிசையை 3 மாதமாகப் போடுகிறார், இப்போது அன்டிபயோட்டிக்கும் சேர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போடலாமா?

கல்லடிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரைகுறையாகச் சொன்னால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும்.

அம்மாவுக்கு 64 வயது. சீனி வருத்தம் வந்து 12 வருடம், பிரஷரும் இருக்கிறது. மாதா மாதம் கிளினிக் போய் மருந்து எடுக்கிறவர். விடியவும் இரவும் மெட்ஃபோர்மின், பிரஷருக்கு லோசார்டன், அதோடு சலம் கூடப் போக வைக்கிற குளிசை ஒன்று (ஹைட்ரோகுளோரோதயசைட் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள்), இரவில் கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டடின்.

தைப்பொங்கல் முடிந்த கையோடுதான் வயிற்றுப் பிரச்சினை தொடங்கியது. "ரெண்டு பிடி சோறு திண்டாலே வயிறு நிரம்பிப் போகுது பிள்ளை, மேல்வயிறு கல்லாக் கிடக்கு, ஏவறை வாற மாதிரி வந்து நிண்டுடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விடியச் சாப்பிட்ட பிட்டு பின்னேரம் வரைக்கும் நெஞ்சுக்குள்ளேயே நிற்கிற மாதிரி இருக்கிறதாம். பின்னேரம் காட்டுகிற ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் டொம்பெரிடோன் 10 மில்லிகிராம் குளிசை எழுதினார், ஒரு நாளைக்கு 3 தடவை, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம், 5 நாளைக்கு. நல்ல சுகம். 5 நாள் முடிந்து ஒரு கிழமையில் திரும்பவும் பொருமல் வந்ததும் அம்மா வெறும் மட்டையைக் கடையில் காட்டி அதே குளிசையை வாங்கிவிட்டார். கடையில் டொக்டர் எழுதின துண்டு கேட்கவில்லை. அப்படியே இன்றைக்கு 3 மாதம்.

சித்திரை வருடப்பிறப்புக்குச் சென்னையில் இருந்து மாமா வந்தார். அவர் தனக்குக் கைகண்ட மருந்து என்று கெப்சூல் ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். பெயருக்குப் பின்னால் 'டி' என்று போட்டிருக்கிறது. அம்மா அதையும் விடிய ஒன்று போடுகிறார், குளிசையையும் விடவில்லை.

இப்போது பிரச்சினை என்னவென்றால், 4 நாளைக்கு முதல் இருமலும் காய்ச்சலும் வந்து வேறொரு இடத்தில் காட்டினோம், நெஞ்சுச் சளி என்று கிளரித்ரோமைசின் 500 மில்லிகிராம் விடியவும் இரவும் கொடுத்தார்கள். வயிற்றுக் குளிசை போடுகிறதை நாங்கள் அங்கே சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நேற்று இரண்டு தடவை சத்தி எடுத்தார், சாப்பாடும் சரியாக இல்லை. சத்திக்கு நல்லதுதானே என்று டொம்பெரிடோனை நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளாக நெஞ்சு படபட என்று அடித்து அடித்து நிற்கிறது என்கிறார், விடிய எழும்பும்போது தலையும் சுற்றியதாம், காய்ச்சல் களையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் கேட்க வந்தது இதுதான்: அன்டிபயோட்டிக் முடியும் வரைக்கும் வயிற்றுக் குளிசையைக் குறைக்க வேண்டுமா? 3 மாதம் போட்டதால் ஏதும் கெடுதி வருமா? நிறுத்தினால் பழையபடி வயிறு பொருமுமே, அதுக்கு என்ன செய்வது?


கல்முனை மருந்துக்கடைத் தம்பி:

அக்கா, இந்த முதல் பந்தியை வாசித்ததும் போனை வைத்துவிட்டு வெளிக்கிடுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். டொம்பெரிடோன் குளிசையையும் அந்த 'டி' கெப்சூலையும் இனி ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். அடுத்த வேளை கிளரித்ரோமைசினும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அம்மாவை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் "டொம்பெரிடோனும் கிளரித்ரோமைசினும் சேர்த்துப் போட்டுவிட்டோம், நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது, ஈசிஜி எடுங்கள்" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். நீங்கள் கல்லடி, பாலம் தாண்டினால் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி. வழியில் மயங்கினாலோ, வீட்டிலேயே எழும்ப முடியாமல் போனாலோ 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், கிளினிக் கொப்பியோடு.

இனி விளக்கம். நான் டொக்டர் இல்லை, மருந்துக்கடையில் 9 வருடமாக மருந்து கொடுக்கிறவன், ஆனால் இந்த இரண்டு மருந்தும் சேரக்கூடாது என்பது எங்களுக்கு முதலில் சொல்லித் தருகிற பாடங்களில் ஒன்று.

டொம்பெரிடோன் இரைப்பையை அசைய வைக்கிற மருந்து. சாப்பாடு இரைப்பையில் தங்காமல் குடலுக்கு இறங்கும், மூளையில் சத்தியைத் தூண்டுகிற இடத்தையும் அடக்கும். அதனால்தான் பொருமலுக்கும் ஓங்காளத்துக்கும் சுகம் தருகிறது. ஆனால் இதே மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் கூடினால் இதயத்தைத் தொடும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்காக மின்சாரத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் ஈசிஜியில் க்யூடி என்று ஒரு அளவாக விழும். டொம்பெரிடோன் அந்த நேரத்தை நீட்டும். நீண்டு போனால் துடிப்பின் ஒழுங்கு கெடலாம், மயக்கம் வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கிளரித்ரோமைசின் என்ன செய்கிறது என்றால், டொம்பெரிடோனை ஈரலில் உடைத்து வெளியேற்றுகிற நொதியைப் பூட்டிவிடுகிறது. போட்ட குளிசை வெளியே போகாமல் உடம்பில் சேர்ந்துகொண்டே வரும். அதோடு கிளரித்ரோமைசின் தானாகவே க்யூடியை நீட்டக்கூடிய மருந்து. எரித்ரோமைசினும் இப்படித்தான், பங்கசுக்குக் கொடுக்கிற ஃபுளுகோனசோல், கீட்டோகோனசோலும் இப்படித்தான்.

அந்த 'டி' கெப்சூலின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாகப் பன்டொப்ரசோல் 40, டொம்பெரிடோன் 30 என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த 'டி' டொம்பெரிடோனைத்தான் சொல்கிறது. குளிசையில் 30, கெப்சூலில் 30, ஒரு நாளைக்கு 60. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 30க்கு மேல் போகக்கூடாது, 60 வயது தாண்டினவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். மேலே சலம் போக வைக்கிற குளிசை, இரண்டு தடவை சத்தி, சாப்பாடும் இல்லை. பொட்டாசியம் குறைந்திருந்தால் இதயம் இன்னும் சீக்கிரம் குழம்பும். இத்தனையும் ஒரே ஆளில் ஒரே கிழமையில் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அட்டோர்வாஸ்டடினையும் மறக்காமல் சொல்லுங்கள், கிளரித்ரோமைசினோடு அதுவும் உடம்பில் கூடும், தசை நோவு வரலாம்.

போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள் அக்கா.


வாழைச்சேனை அப்பா:

பிள்ளை, தம்பி சொன்னதைச் செய்யுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த வேறொரு விஷயத்தையும் எழுதி வைக்கிறேன், பிறகு வாசிக்கிறவர்களுக்கு உதவும்.

இரைப்பையை அசைக்கிற மருந்து என்று இன்னொன்று இருக்கிறது, மெட்டோகுளோப்ரமைட். சத்திக்கு அதிகம் கொடுப்பார்கள். 2 வருடத்துக்கு முதல் என் மகளுக்கு 17 வயது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் சத்தி, ஓரிடத்தில் காட்டி இந்தக் குளிசை எடுத்தோம். ஒரு நாளில் 3 போட்டிருப்பாள். இரவு 8 மணி போல பிள்ளையின் கண் இரண்டும் மேலே சொருகிவிட்டது, கழுத்து ஒரு பக்கமாகத் திருகுகிறது, நாக்கு வெளியே தள்ளுகிறது, கதைக்க முடியவில்லை, ஆனால் நினைவு இருக்கிறது, கண்ணீர் வழிகிறது. வீட்டில் எல்லாரும் பயந்து போனோம். பக்கத்து வீட்டில் உள்ளவர்கள் இது வேறு விஷயம், பார்வை பார்க்கிற ஆளிடம் கூட்டிப்போங்கள் என்றார்கள். நானும் கொஞ்சம் தடுமாறினேன், உண்மையைச் சொல்கிறேன். மனிசிதான் நின்று சண்டை பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தாள்.

வாட்டில் இருந்த டொக்டர் பிள்ளை கேட்ட முதல் கேள்வி "சத்திக்கு என்ன மருந்து போட்டீர்கள்" என்பதுதான். ஊசி ஒன்று போட்டார், அரை மணித்தியாலத்துக்குள் கழுத்து நேராகிவிட்டது. இளம் வயதினருக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, இந்த மருந்து மூளைக்குள் போய் இப்படித் தசையை இழுக்க வைக்கும் என்று விளங்கப்படுத்தினார். ஐரோப்பாவில் 2013இலேயே 5 நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம், மாதக்கணக்கில் போட்டால் வாய், நாக்கு தானாக அசைகிற வியாதி வரலாம், அது சிலருக்கு மாறாமலே போகும் என்றும் சொன்னார். டொம்பெரிடோன் மூளைக்குள் அவ்வளவாகப் போகாது, அதனால் இந்த இழுப்பு அதில் அரிது, ஆனால் அதற்கு இதயப் பக்கம் இருக்கிறது என்று இப்போது தம்பி எழுதியதில் இருந்து விளங்குகிறது.

இன்றைக்கும் மகள் எங்கே மருந்து எடுக்கப் போனாலும் அவளுடைய கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறது, மெட்டோகுளோப்ரமைட் கொடுக்க வேண்டாம் என்று. யாருக்காவது கண் சொருகி, கழுத்து திருகினால் தயவுசெய்து பார்வை பார்க்கப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.


கல்லடிப் பிள்ளை:

இப்போதுதான் வீட்டுக்கு வந்து உடுப்பு எடுக்கிறேன், அம்மாவை வாட்டில் நிறுத்திவிட்டார்கள். தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆட்டோ பிடித்து நேரே போனோம், நீங்கள் சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன், உடனே ஈசிஜி எடுத்தார்கள். க்யூடி நீண்டிருக்கிறதாம், பொட்டாசியமும் குறைவாம். இரவு முழுக்க மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். டொம்பெரிடோன், கெப்சூல், கிளரித்ரோமைசின் மூன்றையும் நிறுத்திவிட்டார்கள், சளிக்கு வேறு அன்டிபயோட்டிக் போட்டிருக்கிறார்கள், சேலைனில் பொட்டாசியம் ஏறுகிறது.

கெப்சூல் பெட்டியை டொக்டர் திருப்பிக் காட்டினார். தம்பி சொன்ன மாதிரியே டொம்பெரிடோன் 30. நான் அதை வாசிக்கவே இல்லை. என் கையாலேயே நேற்று மேலதிகமாகவும் கொடுத்தேன் என்று நினைக்க நெஞ்சு கலங்குகிறது.


அக்கரைப்பற்று மகள்:

தங்கச்சி, மனதைப் போட்டு உருட்டாதீர்கள், நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள், அதுதான் பெரிய விஷயம். அம்மா சுகமாக வரட்டும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை, குளிசையை நிறுத்தினால் பொருமல் திரும்ப வருமே என்றது. அது எங்கள் வீட்டில் 2 வருடமாகப் படுகிற பாடு, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு சீனி வருத்தம் 20 வருடம். உங்கள் அம்மாவுக்கு இருக்கிற மாதிரியே, இரண்டு வாய் சாப்பிட்டதும் நிரம்பிவிடும், சில நேரம் முதல் நாள் இரவு சாப்பிட்ட சோறு விடியச் சத்தியில் அப்படியே வரும். நாங்களும் கஸ்ட்ரிக் என்று ஒமெப்ரசோல் போட்டோம், சீரகத் தண்ணி கொடுத்தோம், இஞ்சி கொடுத்தோம். அதோடு சீனி ஏறி ஏறி இறங்கும். இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு இரைப்பையிலேயே நின்றால் சீனி திடீரென்று கீழே போகும், பல மணித்தியாலம் கழித்து சாப்பாடு இறங்கும்போது மேலே போகும். இரண்டு தடவை வேர்த்துக் கொட்டி நினைவு தப்பினார்.

கடைசியில் கிளினிக் டொக்டர் குடல் சம்பந்தமான நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். முதலில் வாயால் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் அடைப்பு, புண், கட்டி ஒன்றும் இல்லை என்று உறுதி செய்யாமல் இரைப்பையை அசைக்கிற மருந்து கொடுக்கக்கூடாது, அடைப்பு இருக்கிற குழாயை மேலே இருந்து தள்ளினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். பிறகுதான் சீனி வருத்தம் இரைப்பையின் நரம்பைப் பாதித்து, இரைப்பை மெதுவாக வேலை செய்கிறது என்று சொன்னார்கள். உங்கள் அம்மாவுக்கும் அதேதான் என்று நான் சொல்ல வரவில்லை. 12 வருடம் சீனி இருக்கிறவருக்கு இதைத் தேடிப் பார்க்க வேண்டும், 3 மாதம் குளிசையால் மூடி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்வது.

அப்பாவுக்கும் அசைக்கிற மருந்து கொடுத்தார்கள், ஆனால் ஈசிஜி எடுத்துப் பார்த்து, மற்ற மருந்துகளைப் பார்த்து, இத்தனை நாள் என்று கணக்கு வைத்து, திரும்ப வரச் சொல்லித்தான். பெரிய மாற்றம் வந்தது சாப்பாட்டில்தான். மூன்று பெரிய சாப்பாட்டை நிறுத்தி 6 சின்னச் சாப்பாடு ஆக்கினோம். சோற்றைக் குழைய வடித்து, மீனைப் பொரிக்காமல் சொதியில் போட்டு, பால் குறைத்து. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கூடினால் இரைப்பை இன்னும் மெதுவாகும். எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் தேங்காய்ப்பாலைக் குறைக்கிறது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும், அப்பா ஒரு மாதம் கோபமாகவே இருந்தார். கீரைத் தண்டு, பனங்கிழங்கு போன்ற தும்புச் சாமான்களையும் குறைத்தோம், மற்றவர்களுக்கு நல்லது என்றாலும் மெதுவான இரைப்பைக்குப் பாரம். இரவுச் சாப்பாடு 7 மணிக்கு முதல், சாப்பிட்டதும் சாயக்கூடாது, வளவுக்குள்ளேயே கொஞ்சம் நடப்பார். சீனி கட்டுக்குள் வந்த பிறகு பொருமல் பாதியாகிவிட்டது.

இன்னொன்று, மெட்ஃபோர்மினை அம்மா வெறும் வயிற்றில் போடுகிறாரா என்று பாருங்கள். அந்தக் குளிசையே சிலருக்கு ஓங்காளம், வயிற்றுப் பொருமல் எல்லாம் தரும். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போட வேண்டும். அப்பாவுக்கு மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், கொஞ்சம் சுகம் தெரிந்தது. நீங்களாக நிறுத்த வேண்டாம், கிளினிக்கில் கேளுங்கள்.


நிந்தவூர் உம்மா:

மகள், உங்கள் உம்மாவுக்கு அல்லாஹ் பூரண சுகத்தைத் தரட்டும்.

என் வாப்பாவின் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. போன வருடம் நோன்பு நேரம், நோன்பு திறந்து கஞ்சியும் பொரியலும் சாப்பிட்ட பிறகு மேல்வயிறு பிசைகிறது, ஏப்பம் வந்தால் சரியாகும் என்றார். எங்களுக்கும் அது புதினமாகப் படவில்லை, நோன்பில் எல்லாருக்கும் வருகிறதுதானே. வீட்டில் கிடந்த டொம்பெரிடோன் ஒன்றும் வயிற்றுப் புளிப்பைக் குறைக்கிற குளிசை ஒன்றும் கொடுத்தோம். தராவீஹ் தொழுகைக்குப் போக எழும்பினவர் உட்கார்ந்துவிட்டார், சட்டை நனைய வேர்வை, தாடை நோகிறது என்றார். எங்கள் காக்காதான் (அண்ணன்) இது கஸ்ட்ரிக் இல்லை என்று வாகனத்தில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார். மாரடைப்பு. வாப்பாவுக்கும் சீனி இருந்தது, சீனிக்காரருக்கு நெஞ்சு நோவு என்று தெளிவாக வராது, வயிறு பிசைகிற மாதிரி, மூச்சு வாங்குகிற மாதிரி வந்துவிடும் என்று அங்கே சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கு எழும்பி நடக்கிறார், ஆனால் நாங்கள் ஒரு மணித்தியாலத்தை வீட்டிலேயே தொலைத்துவிட்டோம்.

அதனால் வேர்வை, மூச்சு வாங்குதல், தாடை, கை, தோள் பக்கம் நோவு, இதில் ஏதாவது வயிற்று நோவோடு சேர்ந்து வந்தால் வயிற்றுக்குக் குளிசை தேட வேண்டாம்.

எனக்கும் ஒரு சந்தேகம். மகளுக்குப் பிள்ளை கிடைத்து 2 மாதம், தாய்ப்பால் போதவில்லை, டொம்பெரிடோன் போட்டால் பால் ஊறும் என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா?


கல்முனை மருந்துக்கடைத் தம்பி:

கல்லடி அக்கா, அம்மா வாட்டில் இருக்கிறார் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் கொடுத்தது நல்ல நினைப்பில். மருந்தின் பெயர் மட்டைக்கு மட்டை, பெட்டிக்குப் பெட்டி மாறும்போது வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? இதில் எங்களைப் போன்ற கடைக்காரருக்கும் பங்கு இருக்கிறது. வெறும் மட்டையைப் பார்த்து 3 மாதம் அதே குளிசையைக் கொடுத்தவர் ஒரு தடவையாவது "எத்தனை நாளாகப் போடுகிறீர்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். நான் இப்போது கேட்கிறேன், கேட்டால் சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், பரவாயில்லை.

நிந்தவூர் உம்மா, அது உண்மைதான், டொம்பெரிடோன் புரொலக்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டும், அதனால் பால் ஊறலாம். அதே காரணத்தால்தான் நீண்ட நாள் போடுகிற சிலருக்குப் பால் கொடுக்காத நேரத்திலும் மார்பில் இருந்து கசிவு வரும், மாதவிடாய் குழம்பும், ஆண்களுக்கும் மார்பு வீங்கி நோகும். மகள் அதைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். முதலில் குடும்பநல மருத்துவ மாது வீட்டுக்கு வரும்போது பிள்ளை சரியாகப் பிடித்துக் குடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், முக்கால்வாசிப் பிரச்சினை அதில்தான் இருக்கும். மருந்து வேண்டுமென்றால் டொக்டர் பார்த்து, இதயப் பிரச்சினை இல்லை என்று கேட்டறிந்து எழுதட்டும்.

பொதுவாக இந்தக் குளிசையை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டு இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். டொக்டர் எழுதியிருந்தால், 10 மில்லிகிராம், ஒரு நாளைக்குக் கூடினது 3, சாப்பாட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னம். சாப்பிட்ட பிறகு போட்டால் வேலை செய்யச் சுணங்கும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு ஒன்றுதான், இரண்டாகச் சேர்க்கக்கூடாது. புளிப்பைக் குறைக்கிற சப்புகிற குளிசை, வெள்ளைப் பாணி மருந்து எல்லாம் டொம்பெரிடோனோடு ஒரே நேரத்தில் வேண்டாம், வயிற்றில் புளிப்புக் குறைந்தால் டொம்பெரிடோன் சரியாகச் சேராது, அவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு ஒரு கிழமை. 2014இல் ஐரோப்பாவில் இந்த மருந்தைத் திரும்ப ஆராய்ந்தபோது இதயப் பிரச்சினை காரணமாக ஒரு கிழமைக்கு மேல் பொதுவாகப் போட வேண்டாம், ஓங்காளம், சத்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பொருமலுக்கும் நெஞ்செரிப்புக்கும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதே வருடம் பிரித்தானியாவில் துண்டு இல்லாமல் வாங்க முடியாது என்று ஆக்கினார்கள். எங்கள் நாட்டில் பொருமலுக்கும் இன்னும் எழுதுகிறார்கள், எழுதுகிற டொக்டர் ஆளைப் பார்த்து எழுதுகிறார், ஆனால் 5 நாளைக்கு எழுதினால் அது 5 நாளைக்குத்தான்.

இதயத் துடிப்புப் பிரச்சினை, இதயம் பலவீனம், ஈரல் வருத்தம் இருக்கிறவர்கள் போடக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வேளையைக் குறைக்க வேண்டும், எங்கள் அம்பாறைப் பக்கம் வயல் வேலை செய்கிற ஆட்களுக்குள் சிறுநீரக வருத்தம் இருக்கிறதால் அவர்களிடம் இதைக் கட்டாயம் கேட்டுத்தான் கொடுப்பேன். மனச்சோர்வுக்கு எஸிடலோப்ராம் போடுகிறவர்கள் சொல்ல வேண்டும். இரைப்பைக் கிருமிக்கு, எச் பைலோரிக்கு, 14 நாள் மருந்து எடுக்கிறவர்கள் மிகக் கவனம், அந்தக் கூட்டு மருந்தில் பெரும்பாலும் கிளரித்ரோமைசின் இருக்கும். வயிறு சரியில்லாத ஆள்தான் அந்த மருந்தையும் எடுக்கிறார், டொம்பெரிடோனையும் எடுக்கிறார், அதனால் இரண்டும் ஒரே வீட்டில் சந்திக்கிறது சாதாரணமாக நடக்கும்.

பொருமல் ஒரு மாதமாகப் போகவில்லை, அதோடு உடம்பு மெலிகிறது, விழுங்கத் தடக்குகிறது, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது, சத்தியில் இரத்தம், இரத்தம் குறைந்து வெளிறிப் போகிறார், இப்படி எது இருந்தாலும் எங்கள் கடைக்கு வர வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக் போட்டுக்கொண்டு வயிற்றுக்குக் குளிசை கேட்கிறவர்கள் அதை எங்களிடம் மறைக்க வேண்டாம், புண் வருகிறதே அதனால்தான்.

கடைசியாக ஒன்று. எங்கள் பக்கத்தில் குளிசையைச் சின்னக் கடதாசிக் கவரில் எண்ணிப் போட்டுக் கொடுக்கிறார்கள், கவரில் 1x3 என்று மட்டும் இருக்கும். அந்தக் கவரில் மருந்தின் பெயரை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள், ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை. வெட்கப்பட வேண்டாம், காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அடுத்த டொக்டர் அந்தக் கவரைப் பார்த்தால் போதும்.


செங்கலடி அம்மா:

தம்பி, இடையில் புகுந்து கேட்கிறேன். என் மகனுக்கு 4 வயது, இரண்டு நாளாக சத்தியும் வயிற்றோட்டமும். போன வருடம் வாங்கின டொம்பெரிடோன் பாணி அரைப்போத்தல் கிடக்கிறது. ஒரு கரண்டி கொடுக்கலாமா?


கல்முனை மருந்துக்கடைத் தம்பி:

வேண்டாம் அக்கா, ஊற்றிவிடுங்கள். திறந்து ஒரு வருடமான பாணி, அளவும் பிள்ளையின் நிறையைப் பார்த்துத்தான். அதோடு 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சத்தி நிற்கிறதில் மருந்தில்லாத வெறும் பாணியைவிட இது கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை என்று கண்டு, 2019இல் பிரித்தானியாவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஜீவனிப் பக்கெட் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சீனித் தூள்) ஒன்றைப் பக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு கொதித்தாறின தண்ணியில் கரைத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாக, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். சத்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டுத் திரும்பத் தொடங்குங்கள். சலம் போகிறது குறைந்தால், கண் உள்ளே போனால், சோம்பிப் படுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. இரண்டு நாள் ஆகிவிட்டது, எப்படியும் இன்றைக்கு ஒரு தடவை டொக்டரிடம் காட்டுங்கள்.


கல்லடிப் பிள்ளை:

அம்மா இன்றைக்கு விடிய வீட்டுக்கு வந்துவிட்டார். ஈசிஜி சரியான அளவுக்கு வந்துவிட்டதாம், படபடப்பும் இல்லை. இரைப்பையைக் கமராவால் பார்க்க அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள், அதுவரைக்கும் சின்னச் சின்னச் சாப்பாடு, மெட்ஃபோர்மின் சாப்பிட்ட பிறகு. சோற்றைக் குழைய வடித்து, விளைமீன் சொதி பால் குறைத்து வைத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார், பின்னேரம் வரைக்கும் ஒன்றும் நெஞ்சுக்குள் நிற்கவில்லை என்றார். மாமாவுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அவரும் அந்தக் கெப்சூலை 2 வருடமாகப் போடுகிறாராம், அவருக்கு 67 வயது, நாளைக்கே டொக்டரைப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.